பன்னிரண்டாவது ஆளாகப் போகலாமா?

கேள்வி: சார், ஐந்து வருடமாக ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தில் பேக்எண்ட் டெவலப்பராக இருக்கிறேன். வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கடைசி இரண்டு வருடமாக ஒரே மாட்யூலில்தான் கிடக்கிறேன். கல்லூரியில் எனக்கு சீனியராக இருந்தவர் தன் நண்பருடன் சேர்ந்து ஒரு ஸ்டார்ட்அப் நடத்துகிறார். இப்போது பதினோரு பேர் இருக்கிறார்கள். என்னைப் பன்னிரண்டாவது ஆளாகக் கூப்பிடுகிறார். சம்பளம் இப்போது வாங்குவதைவிட முப்பது சதவீதம் குறைவு. அதற்கு ஈடாக 20,000 பங்குகள் தருகிறேன் என்கிறார். "நாங்கள் எல்லோரும் ஒரே குடும்பம் மாதிரி" என்றும் சொன்னார். எனக்கு வீட்டுக் கடன் இருக்கிறது. அம்மாவின் மருத்துவச் செலவும் என் பொறுப்பு. இருக்கிற நல்ல வேலையை விடாதே என்கிறார் அண்ணன். இந்த வயதில் போகாவிட்டால் வேறு எப்போது என்கிறாள் தோழி. பத்து நாளில் பதில் சொல்ல வேண்டும். போகலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வயது 28

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் கண் போய் நின்ற இடம் அந்த 20,000. மொத்தம் எத்தனை பங்கில் 20,000 என்று நீங்கள் எழுதவில்லை. உங்களிடம் அவர் சொல்லியிருக்க மாட்டார், நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். அது தெரியாமல் அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. மொத்தம் பத்து லட்சம் பங்கு என்றால் உங்களுக்கு இரண்டு சதவீதம். மொத்தம் பத்து கோடி என்றால் 0.02 சதவீதம். இரண்டுக்கும் நூறு மடங்கு வித்தியாசம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பங்குகளின் மதிப்பு பூஜ்யம் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மீதி என்ன இருக்கிறது? குறைந்த சம்பளம், புது வேலை, புது மனிதர்கள், கற்றுக்கொள்ளக் கிடைக்கும் வாய்ப்பு. இவ்வளவையும் பார்த்த பிறகும் போகத் தோன்றினால், போவதைப் பற்றி நாம் பேசலாம். பங்கை எடுத்துவிட்டால் போகத் தோன்றவில்லை என்றால், போக வேண்டாம்.

நான் இந்தத் துறைக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. அதில் ஏழு வருடம் இரண்டு ஸ்டார்ட்அப்களில் கழிந்தது. ஒன்று மூடப்பட்டது. இன்னொன்றை ஒரு பெரிய நிறுவனம் வாங்கிக்கொண்டது. இப்போது ஒரு நடுத்தர நிறுவனத்தில் எஞ்சினியரிங் மேனேஜர். ஆட்களை எடுப்பது என் வேலையில் பாதி. ஆஃபர் லெட்டரை வாங்கும் பக்கமும் இருந்திருக்கிறேன், கொடுக்கும் பக்கமும் இருக்கிறேன்.

பங்கு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். நன்றாகக் கோட் எழுதுகிறவர்கள்கூட இதில் சறுக்குகிறார்கள்.

உங்களுக்குத் தருவதாகச் சொல்வது அநேகமாகப் பங்கு அல்ல, ஸ்டாக் ஆப்ஷன். இன்று குறித்த விலைக்குப் பின்னாளில் பங்கை வாங்கிக்கொள்ளும் உரிமை, அவ்வளவுதான். வாங்கும்போது உங்கள் கையிலிருந்து பணம் கட்ட வேண்டும். பல நாடுகளில் வாங்கும் அந்த நேரத்திலேயே வரியும் விழும். அந்த உரிமையும் முதல் நாளே கைக்கு வராது. வழக்கமான ஏற்பாடு நான்கு வருட வெஸ்டிங், அதாவது உரிமை கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு வந்து சேரும் காலம்; அதில் முதல் வருடம் கிளிஃப், அதாவது எதுவும் சேராத காலம். ஒரு வருடம் முடிவதற்குள் நீங்களாக விலகினாலும் சரி, அவர்கள் அனுப்பினாலும் சரி, ஒன்றும் கிடைக்காது. வருடம் முடிந்ததும் கால் பாகம் சேரும், அப்புறம் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக மீதி. வேலையை விட்டால், சேர்ந்த ஆப்ஷனை வாங்க 90 நாள்தான் அவகாசம் என்று பல நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. விற்க இடமில்லாத ஒரு பங்குக்காக மூன்று மாதத்துக்குள் சேமிப்பை எடுத்துக் கொட்டுவதா, நான்கு வருட உழைப்பை விட்டுவிட்டுப் போவதா என்று தவித்த நண்பர்கள் எனக்கு உண்டு.

இப்போது ஒரு கணக்கு. மொத்தம் ஒரு கோடி பங்கு என்று வைத்துக்கொள்வோம். உங்கள் 20,000 அதில் 0.2 சதவீதம். நிறுவனம் வளர வளர மூன்று முறை முதலீடு வாங்குகிறது. ஒவ்வொரு முறையும் புதிதாக வருகிறவருக்கு ஐந்தில் ஒரு பாகம் போகிறது. உங்கள் பங்கின் எண்ணிக்கை அப்படியே 20,000தான், ஆனால் மொத்தம் பெருகிவிட்டது. உங்கள் 0.2 இப்போது சுமார் 0.1. சரி, ஒரு நாள் நிறுவனம் 80 கோடிக்கு விற்கப்படுகிறது. எந்த நாட்டுப் பணமானாலும் கணக்கு ஒன்றுதான். 80 கோடியில் 0.1 சதவீதம், எட்டு லட்சம் வரும் என்று நினைப்பீர்கள். வராது. முதலீட்டாளர்கள் போட்டது 60 கோடி, அவர்கள் கையில் இருப்பது பாதி நிறுவனம் என்று வையுங்கள். போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் முன்னுரிமை அவர்கள் ஒப்பந்தத்தில் இருக்கும். பாதிப் பங்குக்கு 40 கோடி வாங்குவதைவிட, முன்னுரிமைப்படி 60 கோடியை எடுப்பது அவர்களுக்கு லாபம். எடுத்துக்கொள்வார்கள். மிச்சம் 20 கோடியைத்தான் நிறுவனர்களும் நீங்களும் மற்றவர்களும் பிரித்துக்கொள்ள வேண்டும். உங்களுக்கு வருவது நான்கு லட்சம். அதில் ஆப்ஷன் விலை போக வேண்டும், வரி போக வேண்டும். 60 கோடிக்கோ அதற்குக் கீழோ விற்றிருந்தால் உங்களுக்கு ஒன்றுமே இல்லை. செய்தியில் "ஸ்டார்ட்அப் 60 கோடிக்கு விற்பனை" என்று பெரிய எழுத்தில் வந்திருக்கும்.

இது கற்பனைக் கணக்கு. நிஜத்திலும் நடந்திருக்கிறது. குட் டெக்னாலஜி என்ற நிறுவனம் ஒரு காலத்தில் 100 கோடி டாலருக்கு மேல் மதிப்பிடப்பட்டது. 2015இல் பிளாக்பெர்ரி அதை வாங்கியது 42.5 கோடி டாலருக்கு. முன்னுரிமைப் பங்கு வைத்திருந்த முதலீட்டாளர்களுக்கு ஒரு கணக்கு, சாதாரணப் பங்கு வைத்திருந்த ஊழியர்களுக்கு அதைவிட மிகச் சிறிய கணக்கு. வெளியே பேசப்பட்ட பெரிய மதிப்பை நம்பி இருந்தவர்களுக்கு அது பெரிய அடி.

மறுபக்கமும் உண்மைதான். இன்ஸ்டாகிராமை 2012இல் 100 கோடி டாலருக்கு வாங்குவதாக ஃபேஸ்புக் அறிவித்தபோது அங்கே 13 பேர்தான் வேலை பார்த்தார்கள். வாட்ஸ்அப் 2014இல் 1,900 கோடி டாலருக்குப் பேசி முடிக்கப்பட்டபோது 55 பேர். உங்கள் தோழியின் மனத்தில் இருப்பது இந்தக் கதைகளாகத்தான் இருக்கும். இவை நடக்கும், ஆனால் நடக்கும் என்று வைத்து வீட்டுக் கடன் கட்ட முடியாது.

ஆக, உங்கள் சீனியரிடம் கேட்க வேண்டியவை இவை. ஒதுக்கிவைத்த ஆப்ஷன்களையும் சேர்த்து மொத்தப் பங்கு எத்தனை? ஆப்ஷன் விலை என்ன? இதுவரை வாங்கிய முதலீடு எவ்வளவு, அதற்கு முன்னுரிமை எந்த அளவு? விலகினால் எத்தனை நாள் அவகாசம்? நேர்மையான நிறுவனர் இதற்கெல்லாம் அரை மணி நேரத்தில் பதில் சொல்லிவிடுவார். அண்ணா என்று கூப்பிட்டுப் பழகியவரிடம் இதை எப்படிக் கேட்பது என்று உங்களுக்குக் கூச்சமாக இருக்கலாம். அந்தக் கூச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் உங்களிடம் கேட்பது உங்கள் சம்பளத்தில் மூன்றில் ஒரு பாகத்துக்குக் கொஞ்சம் குறைவு. மாதாமாதம் அவருடைய நிறுவனத்தில் நீங்கள் போடும் முதலீடு அது. வெளியிலிருந்து பணம் போட்டவர் எத்தனை கேள்வி கேட்டிருப்பாரோ, அதில் பத்தில் ஒன்றாவது கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

பங்கைவிட அவசரமான கேள்வி ஒன்று உண்டு: நிறுவனத்தின் கையில் இன்னும் எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது? ரன்வே என்பார்கள். வங்கியில் இருப்பதை மாதா மாதம் கரையும் தொகையால் வகுத்தால் வந்துவிடும்.

இதை நான் கேட்காமல் சேர்ந்த இடம்தான் முதல் ஸ்டார்ட்அப். வேலை பிடித்திருந்தது, கூட இருந்தவர்களைப் பிடித்திருந்தது, பணம் பற்றிக் கேட்பது அற்பமாகப் பட்டது. இரண்டாவது வருடம் ஒரு மாதம் நாலாம் தேதி ஆகியும் சம்பளம் வரவில்லை. ஐந்தாம் தேதி மதியம் எல்லோரையும் மீட்டிங் அறைக்குக் கூப்பிட்டார்கள். வர வேண்டிய முதலீடு வராமல் போய் இரண்டு மாதம் ஆகிறது என்று அன்றுதான் எங்களுக்குச் சொன்னார் நிறுவனர். அந்த இரண்டு மாதமும் அவர் தினமும் சிரித்த முகமாக வந்து போய்க்கொண்டிருந்தார். இடையில் இரண்டு பேரை வேலைக்கும் எடுத்திருந்தார். அதில் ஒரு பையன் நிரந்தர வேலையை விட்டுவிட்டு வந்து சரியாக மூன்று வாரம். அவனுக்குக் கொடுத்த புது லேப்டாப்பின் மூடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட அவன் இன்னும் உரிக்கவில்லை. கூட்டம் முடியும்வரை அதன் ஒரு ஓரத்தை நகத்தால் நெம்புவதும், திரும்ப ஒட்டுவதுமாக இருந்தான். நான் அவனை நேர்காணல் செய்தவர்களில் ஒருவன். "நல்ல இடம், வா" என்று சொன்னவன். இன்றைக்கும் என்னால் அதை மறக்க முடியவில்லை. அதனால்தான் இப்போது யாரை எடுத்தாலும், நிறுவனத்தின் பண நிலையை அவர்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

நிறுவனர் கெட்டவர் இல்லை. கடைசி நிமிடத்தில் பணம் வந்துவிடும், இவர்களை ஏன் பயமுறுத்த வேண்டும் என்று நினைத்திருக்கிறார். ஆனால் அந்த நல்ல எண்ணத்தின் விலையை நாங்கள் கட்டினோம்.

எனவே மாதக் கணக்கைக் கேளுங்கள். பன்னிரண்டு மாதத்துக்குக் குறைவு என்றால், அடுத்த முதலீட்டுக்கு என்ன நிலை என்று கேளுங்கள். புதிதாகப் பணம் திரட்ட ஆறு மாதம் ஆவது சாதாரணம் என்பதால், ஆறு மாதப் பணத்தோடு புது ஆளைச் சேர்க்கும் நிறுவனம் உங்களையும் சேர்த்துச் சூதாடுகிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பணம் கொடுத்துப் பயன்படுத்தும் வாடிக்கையாளர்கள் எத்தனை பேர், அதில் ஒருவரே பாதி வருமானம் தருகிறாரா என்றும் கேளுங்கள். இதுவரை ஒரு மாதமாவது சம்பளம் தாமதமானதுண்டா? இந்தக் கடைசிக் கேள்வியை அங்கே வேலை பார்க்கும் வேறு ஒருவரிடமும் தனியாகக் கேளுங்கள்.

எவ்வளவு பெரிய தொகை திரட்டினார்கள் என்பதைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். க்விபி என்ற வீடியோ சேவை 175 கோடி டாலர் திரட்டிவிட்டு 2020 ஏப்ரலில் தொடங்கியது. அதே வருடம் அக்டோபரில் மூடப் போவதாக அறிவித்தது. பணம் எங்கே இருக்கிறது என்பதும் ஒரு விஷயம்தான். 2023 மார்ச் 10, வெள்ளிக்கிழமை, பல ஸ்டார்ட்அப்கள் பணம் போட்டு வைத்திருந்த அமெரிக்க வங்கியான சிலிக்கன் வேலி பேங்க் மூடப்பட்டபோது, நன்றாக நடந்துகொண்டிருந்த எத்தனையோ ஸ்டார்ட்அப்கள் அடுத்த வாரச் சம்பளத்தை எப்படிப் போடுவது என்று தெரியாமல் திகைத்தன. ஞாயிற்றுக்கிழமை அமெரிக்க அரசு தலையிட்டு முழுப் பணத்துக்கும் உறுதி கொடுத்த பிறகுதான் மூச்சு வந்தது.

இவ்வளவு பயம் காட்டுகிறேனே, போக வேண்டாம் என்கிறேனா? இல்லை. எனக்கு வேலை கற்றுக் கொடுத்த இடம் ஸ்டார்ட்அப்தான். அதைச் சொல்லாமல் விட்டால் உங்களுக்குப் பாதி உண்மையைத்தான் சொன்னதாகும்.

இரண்டாவது நிறுவனத்தில், மருத்துவமனைகளுக்கு அப்பாயின்ட்மெண்ட் பதிவு செய்யும் மென்பொருள் செய்தோம். சேர்ந்த முதல் மாதமே என்னை ஒரு சின்ன கிளினிக்கில் போய் உட்காரச் சொன்னார்கள். எதுவும் பேசாதே, பார்த்துக்கொண்டு மட்டும் இரு என்றார்கள். வரவேற்பில் இருந்த பெண் கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருந்தார். நோயாளி வந்ததும் முதலில் நோட்டில் எழுதுவார், அப்புறம் கூட்டம் குறைந்ததும் எங்கள் திரையில் ஏற்றுவார். ஏன் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. "உங்கள் லிஸ்ட் திறப்பதற்குள் நான் மூன்று பேரை எழுதிவிடுவேன்" என்றார். கையிலிருந்த கடிகாரத்தில் பார்த்தேன், ஒன்பது வினாடி. அலுவலகத்துக்கு வந்து மென்பொருளின் கோடைத் திறந்து பார்த்தால், பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு நோயாளிக்கும் டேட்டாபேஸுக்குத் தனித்தனியாக ஒரு குவெரி, அதாவது தகவல் கேட்கும் கட்டளை, போய்க்கொண்டிருந்தது. நாற்பது பேர் என்றால் நாற்பது தடவை. ஒரே குவெரியாக மாற்றி, தேடலை வேகமாக்க ஒரு இண்டெக்ஸ் போட்டேன். ஒரு வினாடிக்கும் கீழே இறங்கியது. அன்று மாலையே வெளியிட்டோம். அடுத்த வாரம் போனபோது நோட்டு மேஜைமேல் இல்லை, டிராயருக்குள் போயிருந்தது.

நீங்கள் இப்போது இருக்கும் இடத்தில் இது எப்படி நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பெண்ணின் புகார் சப்போர்ட் டீமுக்குப் போகும், டிக்கெட்டாகும், யாரோ முன்னுரிமை போடுவார்கள், இரண்டு காலாண்டு கழித்து உங்கள் பக்கம் வந்தால் வரும். நீங்கள் சரி செய்தாலும் அந்த நோட்டை உங்கள் கண்ணால் பார்க்க மாட்டீர்கள். இரண்டு வருடமாக ஒரே மாட்யூலில் கிடக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில் இருக்கும் தாகம் இதுதான் என்று நினைக்கிறேன். அதை அலட்சியம் செய்யச் சொல்ல மாட்டேன்.

ஆனால் கற்றுக்கொள்வதிலும் இரண்டு விதம் இருக்கிறது. தானே விழுந்து எழுந்து கற்பது ஒன்று. தெரிந்தவர் திருத்தக் கற்பது மற்றொன்று. சின்ன ஸ்டார்ட்அப்பில் முதலாவது தாராளமாகக் கிடைக்கும். இரண்டாவது கிடைக்குமா என்று பார்த்துத்தான் போக வேண்டும். என் முதல் ஸ்டார்ட்அப்பில் என்னைவிட அனுபவம் உள்ள எஞ்சினியர் யாரும் இல்லை. மூன்று வருடம் என் கோடை யாரும் ரிவ்யூ செய்யவில்லை. வேகமாக எழுதப் பழகினேன், தப்பாக எழுதவும் அதே வேகத்தில் பழகினேன். டெஸ்ட் எழுதும் பழக்கமே விட்டுப்போனது. அடுத்த வேலையில் அதையெல்லாம் களைய ஒரு வருடம் ஆனது. அதனால் கேளுங்கள்: என் கோடை யார் பார்ப்பார்? அவர் பெயரைச் சொன்னால், அவரோடு ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். அந்தப் பேச்சு முடியும்போது உங்களுக்குத் தெரியாத ஒன்றையாவது அவரிடமிருந்து தெரிந்துகொண்டிருந்தால் நல்ல அறிகுறி.

தவறு நடந்தால் என்ன செய்வார்கள் என்பதையும் கேளுங்கள். 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் கோடைச் சேமித்துவைக்கும் சேவையான கிட்லேப் நிறுவனத்தில் ஒரு எஞ்சினியர் இரவில் சர்வர் பிரச்சினையோடு போராடிக்கொண்டிருந்தபோது, தவறான சர்வரில் கட்டளை கொடுத்து நிஜ டேட்டாபேஸை அழித்துவிட்டார். பேக்கப்புக்கு ஐந்து வழிகள் வைத்திருந்தும் ஒன்றும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. சுமார் ஆறு மணி நேரத் தரவு போயே போய்விட்டது. அவர்கள் அதை மறைக்கவில்லை. மீட்கும் வேலையை நேரலையாகக் காட்டினார்கள், பிறகு எது ஏன் உடைந்தது என்று வரி வரியாக எழுதி வெளியிட்டார்கள். பன்னிரண்டு பேர் இருக்கும் இடத்தில் அப்படி ஒரு இரவு உங்களுக்கும் வரலாம். அன்று பக்கத்தில் உட்காருகிறவர்களா, பழியை உங்கள் தலையில் கட்டுகிறவர்களா என்பது முக்கியம். "கடைசியாக எப்போது சிஸ்டம் விழுந்தது, என்ன செய்தீர்கள்" என்று கேட்டால், பதில் சொல்லும் விதத்திலேயே தெரிந்துவிடும்.

அப்புறம், அந்தக் "குடும்பம் மாதிரி". இதை அன்பாகத்தான் சொல்லியிருப்பார். ஆனால் நிறுவனம் குடும்பம் அல்ல. பணம் தீர்ந்தால் ஆட்களைக் குறைத்தே ஆக வேண்டும், குடும்பத்தில் யாரும் அப்படிச் செய்வதில்லை. இந்தச் சொல் அதிகம் புழங்கும் இடத்தில், ஏழு மணிக்கு எழுந்து வீட்டுக்குப் போவதே துரோகம்போல ஆகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். எஞ்சினியர்கள் நான்கு பேர்தான் என்றால், நான்கு வாரத்தில் ஒரு வாரம், சிஸ்டம் விழுந்தால் வரும் இரவு அழைப்பு உங்களுடையது. அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. வெளியீட்டுக்கு முந்தைய இரண்டு வாரம் கண் விழிப்பது வேறு, வருடம் முழுக்க அப்படியே ஓடுவது வேறு. அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டிய நாட்கள் உங்களுக்கு இருக்கின்றன. அதைச் சேரும் முன்பே சொல்லிவிடுங்கள். அவர் முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள்.

இன்னொன்று. நீங்கள் எந்த வேலைக்குப் போகிறீர்களோ அதே வேலை அடுத்த வருடம் இருக்கும் என்று நினைக்காதீர்கள். அலுவலகங்களில் பேசிக்கொள்ளப் பயன்படும் செயலியான ஸ்லாக்கைச் செய்தது, முதலில் கிளிட்ச் என்ற ஆன்லைன் விளையாட்டைச் செய்த நிறுவனம். விளையாட்டு ஓடவில்லை, 2012இல் மூடினார்கள். தங்களுக்குள் பேசிக்கொள்ள உருவாக்கிய கருவியைத்தான் பிறகு ஸ்லாக் என்று கொண்டுவந்தார்கள். பெரிய வெற்றிக் கதை. ஆனால் விளையாட்டை மூடியபோது அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் வேலை இழந்தார்கள் என்பதைப் பலர் சொல்வதில்லை. திசை மாறும்போது நிறுவனம் பிழைக்கலாம், நீங்கள் அந்தப் படகில் இல்லாமலும் போகலாம்.

உங்கள் அண்ணனுக்கும் ஒரு வார்த்தை. அவர் கவலை நியாயமானது. ஆனால் பெரிய நிறுவனம் என்றால் கல்மேல் எழுத்து என்று நம்பும் காலம் போய்விட்டது. 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரை அனுப்பியது. 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரை அனுப்புவதாக அறிவித்தது. ஒரே மாட்யூலில் ஏழெட்டு வருடம் இருந்துவிட்டு அப்படி ஒரு பட்டியலில் பெயர் வந்தால், வெளியே வேலை தேடுவது கடினம். சும்மா இருப்பதிலும் ஆபத்து இருக்கிறது என்று அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். அதே சமயம், இருக்கும் நிறுவனத்திலேயே வேறு டீமுக்கு மாற முடியுமா என்று உங்கள் மேனேஜரிடம் இதுவரை கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. கேட்கவில்லை என்றால் இந்த வாரமே கேளுங்கள். சில சமயம் நமக்கு வேண்டியது வேறு நிறுவனம் அல்ல, வேறு வேலை.

உங்கள் நிலைமைக்கு வருகிறேன். கடந்த ஆறு மாத வங்கிக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். கடன் தவணை, அம்மாவின் மருந்து, வீட்டுச் செலவு, மூன்றும் சேர்ந்து புதுச் சம்பளத்தில் அடங்குகிறதா? அடங்கி, கொஞ்சமாவது மிஞ்சுகிறதா? சம்பளமே இல்லாமல் ஆறு மாதம் தவணையும் மருந்தும் ஓட சேமிப்பு இருக்கிறதா? உங்கள் இடத்தில் கடனும் அம்மாவும் இல்லாத ஒருவர் இருந்தால் மூன்று மாதம் போதும் என்பேன். உங்களுக்கு ஆறு மாதத்துக்குக் கீழே சொல்ல மாட்டேன். மருத்துவக் காப்பீட்டையும் பாருங்கள். இப்போதைய நிறுவனத்தின் காப்பீட்டில் அம்மா இருந்தால், நீங்கள் விலகும் நாளோடு அது நின்றுவிடலாம். பன்னிரண்டு பேர் நிறுவனத்தில் பெற்றோருக்குக் காப்பீடு இருக்குமா, ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள். இல்லையென்றால், நீங்களே தனியாக எடுக்கும் காப்பீட்டின் செலவையும் அந்த முப்பது சதவீதத்தோடு சேர்க்க வேண்டும். அப்போது உண்மையான குறைப்பு நாற்பது சதவீதத்தைத் தொட்டாலும் ஆச்சரியமில்லை.

அந்த முப்பதை அப்படியே ஏற்க வேண்டும் என்றும் இல்லை. பங்கைக் குறைத்து சம்பளத்தைக் கூட்டித் தர முடியுமா என்று கேளுங்கள். இப்படிக் கேட்பது சகஜம், நானே பலருக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறேன். உங்களைப் போலப் பொறுப்பு உள்ளவர்களுக்கு, கையில் வரும் பணம்தான் நிம்மதியாக வேலை பார்க்க உதவும். முதலீடு வந்ததும் சம்பளத்தை உயர்த்துகிறேன் என்று அவர் சொன்னால், எவ்வளவு, எப்போது என்று ஆஃபர் லெட்டரிலேயே எழுதச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லில் நிறுத்தாதீர்கள்.

இப்படிச் செய்வேன் நான். நிறுவனத்தின் கையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் பணம் இருக்கிறது, கோடைத் திருத்த ஒரு நல்ல மூத்த எஞ்சினியர் இருக்கிறார், சம்பளக் குறைப்பை இருபதுக்குள் கொண்டுவர முடிந்தது, ஆறு மாதச் சேமிப்பு இருக்கிறது. இந்த நான்கும் அமைந்தால், பங்கு பூஜ்யமே என்றாலும் நான் போவேன். இரண்டு வருடம் என்று மனத்தில் ஒரு கெடு வைத்துக்கொண்டு போவேன். பணமும் மூத்த எஞ்சினியரும் சரியாக இருந்து, சேமிப்பு மட்டும் குறைவு என்றால், ஆறு மாதம் கழித்து வரட்டுமா என்று கேட்பேன். உங்களை உண்மையிலேயே வேண்டும் என்று நினைப்பவர் வழி பார்ப்பார். மாதக் கணக்கைச் சொல்ல மறுக்கிறார், அல்லது "என்மேல் நம்பிக்கை இல்லையா" என்று திருப்பிக் கேட்கிறார் என்றால், அவர் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும் போக மாட்டேன்.

அங்கிருந்து விலகிப் போனவர் ஒருவரைக் கண்டுபிடித்துப் பேசுங்கள். பதினோரு பேர் இருக்கும் இடத்தில் ஒருவராவது போயிருப்பார். ஏன் போனீர்கள் என்று கேட்பதைவிட, கடைசி மாதத்தில் உங்களை எப்படி நடத்தினார்கள் என்று கேளுங்கள்.

பத்து நாளில் இவ்வளவும் முடியாது என்றால் இன்னும் ஒரு வாரம் கேளுங்கள். தயங்க வேண்டியதில்லை. கையெழுத்துப் போட்ட ஆஃபர் லெட்டர் கைக்கு வரும்வரை இங்கே ராஜினாமா கொடுக்காதீர்கள். கொடுத்தால் நோட்டீஸ் பீரியடை முழுதாக முடித்து, உங்கள் மாட்யூலை அடுத்தவருக்கு ஒழுங்காக எழுதி ஒப்படைத்துவிட்டு வாருங்கள், நாளை திரும்பவும் அந்தக் கதவைத் தட்ட வேண்டி வரலாம்.

உங்கள் சீனியர் மாதக் கணக்கையும் மொத்தப் பங்கு எண்ணிக்கையையும் சொன்னதும் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். அந்த இரண்டு எண்ணையும் வைத்துக்கொண்டு ஆஃபர் லெட்டரை வரி வரியாகச் சேர்ந்தே பார்ப்போம்.